மரவட்டையின் இடக்கைகள்

ஏரிக்கரைக் காட்டில் விலங்குகளின் சாரணர் படை ஒன்று இருந்தது. அதற்குத் தலைவர் ஒரு பெருச்சாளி. எல்லாரும் அதை 'சார்' என்றே கூப்பிட்டார்கள்.

படையில் சேர்ந்தவர்கள் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்ட வேண்டும். ஒருவரையொருவர் சந்தித்தால் இடக்கையால் கை குலுக்க வேண்டும். இவை எல்லாச் சாரணர்களுக்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் பெருச்சாளி தன் பங்குக்கு ஒரு விதியைச் சேர்த்தது. இடக்கைகள் அனைத்தையும் குலுக்கி முடிக்கும்வரை ஒரு வார்த்தையும் பேசக் கூடாது!

பெருமழை விட்ட மறுநாள் காலை, நாவல் மரத்தடியில் கூட்டம் நடந்தது. பெருச்சாளி பெரிய பலகை ஒன்றைச் சாய்த்து வைத்துக்கொண்டு வாசித்தது.

"இந்த வாரச் செய்தி! முடிச்சுப் போடும் தேர்வில் அணில் வென்றது. முடிச்சிலிருந்து அது இன்னும் வெளியே வரவில்லை!"

கயிற்றுப் பந்துக்குள்ளிருந்து அணில் வாலை மட்டும் ஆட்டியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

"இனி வரப்போகும் நிகழ்ச்சிகள்! சனிக்கிழமை கூடாரம் அடித்தல். அடுத்த வாரம் வெள்ள மீட்பு ஒத்திகை. எல்லாரும் தவறாமல் நனைய வேண்டும்!"

அப்போது மரவட்டை மூச்சு வாங்க ஓடி வந்தது. அதுவும் படையைச் சேர்ந்ததுதான். ஏரியின் கரையில் விரிசல் விட்டுத் தண்ணீர் கசிவதை அது பார்த்துவிட்டது. அந்த விரிசலுக்கு நேர் கீழேதான் முயலின் வளை. வளைக்குள் கண் திறக்காத மூன்று குட்டிகள். முயலோ ஒன்றும் அறியாமல் கூட்டத்தின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது.

"சார்...!" என்று மரவட்டை ஆரம்பித்தது.

"முதலில் கை!" என்றது பெருச்சாளி.

மரவட்டை தன் முதல் இடக்காலை நீட்டியது. பெருச்சாளி அதைப் பிடித்துக் குலுக்கியது. தொட்டால் மரவட்டை என்ன செய்யும்? சட்டென்று சுருண்டுவிட்டது! எல்லாரும் காத்திருந்தார்கள். மெல்ல அது பிரிந்து நீண்டது. பெருச்சாளி இரண்டாவது காலைப் பிடித்தது. மறுபடியும் சுருண்டது! பிரிந்ததும் இன்னொரு காலைப் பிடித்தது; அப்போதும் சுருண்டது!

"எத்தனை ஆயிற்று?" என்றது பெருச்சாளி.

"இரண்டாவதையே இரண்டு தடவை குலுக்கிவிட்டீர்கள், சார்!" என்றது கயிற்றுக்குள்ளிருந்து அணில்.

"அப்படியானால் முதலிலிருந்து!"

"சார், அது ஏதோ அவசரமாக வந்திருக்கிறது. அதன் முகத்தைப் பாருங்கள்!" என்றது முயல்.

"சுருளுக்குள் இருக்கும் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?"

மரவட்டையின் கால்களில் ஏரிச் சேறு ஈரமாக ஒட்டியிருந்ததை முயல் கவனித்தது. உடனே அதன் அருகே ஓடி வந்து குனிந்தது.

"தம்பி, கரைப்பக்கம் என்ன ஆயிற்று? சொல்லிவிடு!"

"எப்படிச் சொல்வேன், அக்கா? உங்களோடும் நான் இன்னும் கை குலுக்கவில்லையே!" என்று மரவட்டை அழுதது.

முயல் தன் ஸ்கார்ஃபை அவிழ்த்து எறிந்தது. "இதோ, நான் படையிலேயே இல்லை! வெறும் முயல். வெறும் முயலோடு பேசக் கை குலுக்க வேண்டுமா?"

மரவட்டை யோசித்தது. "வேண்டாம். கரை உடையப் போகிறது, அக்கா! உங்கள் வளைக்கு மேலேதான்!"

முயல் பாய்ந்து ஓடியது. குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விப் பாறை உச்சிக்குக் கொண்டுபோனது. கடைசிக் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது கரை இடிந்து விழுந்தது. அந்தக் குட்டியின் வால் மட்டும்தான் நனைந்தது.

வெள்ளம் நாவல் மரத்தை எட்டியது. மற்றவர்கள் மரத்தில் ஏறிவிட்டார்கள். பெருச்சாளி பலகையில் தாவி ஏறியது. அதன் ஒரு கையில் மரவட்டைச் சுருள், மடியில் அணில் முடிச்சு.

"ஒத்திகை அடுத்த வாரம்தானே! இன்றைக்கே யார் வரச் சொன்னது?" என்று அது தண்ணீரை அதட்டியது.

பலகை சுழன்று சுழன்று பாறையை ஒட்டி வந்தது. "சார், வலக்கையைக் கொடுங்கள்! அதுதான் எனக்கு எட்டும்!" என்று கத்தியது முயல்.

"சாரணன் இடக்கையைத்தானே..." என்று இழுத்தது பெருச்சாளி. பலகை சாய்ந்தது. "ஐயோ, எந்தக் கையானாலும் பிடி, தாயே!"

முயல் அதன் வலக்கையைப் பிடித்து இழுத்துப் பாறைமேல் போட்டது. கூடவே மரவட்டையும் அணிலும் வந்து விழுந்தன.

மரவட்டை மெல்லப் பிரிந்து நிமிர்ந்து நின்றது. "சார், இப்போதாவது செய்தியைச் சொல்லலாமா?"

"சொல்லு, சொல்லு! என்ன செய்தி?"

"கரை உடையப் போகிறது, சார்!"

அவசரச் செய்தியோடு ஓடி வருகிறவரை முதலில் பேசவிட வேண்டும். மரியாதைகளைப் பிறகு செய்துகொள்ளலாம்.