சடையாண்டியின் மூக்குச் சனி

கரடி சடையாண்டிக்குக் கல்யாண ஆசை வந்து ரொம்ப நாளாகிவிட்டது. ஆசை இருந்து என்ன செய்ய? அவன் மூக்கு ஒத்துழைக்கவில்லை!

அந்த மலையில் கரடிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டார் மாப்பிள்ளையின் குகையைப் பார்க்க வருவார்கள். பிடித்துப்போனால் பெண்ணும் மாப்பிள்ளையும் மூக்கோடு மூக்கு தொட வேண்டும். தொட்டாச்சு என்றால் நிச்சயம் ஆச்சு. அவ்வளவுதான் சடங்கு.

சடையாண்டி குகையைச் சும்மா விடுவானா? மலை பங்களாவில் தங்கிய மனிதர்கள் விட்டுப்போன பச்சை பிளாஸ்டிக் பாயை இழுத்து வந்து தரையெல்லாம் விரித்தான். அவர்கள் போட்டுவிட்டுப் போன ஊதா நிற நைலான் போர்வையைத் தோளில் போர்த்திக்கொண்டான். "இந்த மலையில எவன் குகையில பாய் இருக்கு?" என்று தானே கேட்டுத் தானே சிரித்துக்கொண்டான்.

மாசி மாதம். காற்றில் துளி ஈரம் இல்லை. முதல் பெண் வந்தாள். சடையாண்டி பாயில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்துபோய் மூக்கை நீட்டினான்.

சடார்!

"ஐயோ அம்மா! மூக்கிலேயே அடிக்கிறான்!" என்று அலறிக்கொண்டு அந்தப் பெண் ஓடியே போய்விட்டாள். அடுத்த வாரம் இரண்டாவது பெண் வந்தாள். அவளுக்கும் அதே சடார், அதே ஓட்டம். அவளுடைய அப்பா வழுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டதுதான் புதுசு.

கல்யாணத் தரகர் நல்லமுத்து ஓடி வந்தார். நல்லமுத்து ஒரு நரி. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

"மாப்பிள்ளை, உன் மூக்குல சனி உட்கார்ந்திருக்கு!" என்றார் நரி.

"ஐயையோ! எப்பத் தரகரே எந்திரிப்பாரு?"

"பரிகாரம் பண்ணாத்தான் எந்திரிப்பாரு. பெண் வீட்டார் வர்ற அன்னிக்கு இந்தப் போர்வையை இறுக்கிப் போர்த்திக்கிட்டு, பாய் மேல காலைத் தேய்ச்சு பதினோரு சுத்து சுத்தணும். அப்புறம் ஒரு தேனடை படைக்கணும். படைச்சதை நான்தான் சாப்பிடணும். சனியோட கோபம் உனக்குப் படக்கூடாது பாரு, அதுக்காகத்தான்!"

"உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு தரகரே!" என்று கண் கலங்கினான் சடையாண்டி. முன்பணம் மாதிரி இரண்டு தேனடை அப்போதே நரி வயிற்றுக்குப் போயிற்று. கல்யாண விருந்துக்கென்று ஒளித்து வைத்திருந்த ஒன்றே ஒன்று மிச்சம்.

மூன்றாவதாக வரப்போகிறவள் எதிர்மலை பூவாயி. இவளை நினைத்தால்தான் சடையாண்டிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. போன வாரம் ஓடையில் அவள் கால் இடறியபோது இவன்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் அவன் காதில் இருந்தது. இவளும் அலறிக்கொண்டு ஓடிவிட்டால் அப்புறம் கல்யாணமே வேண்டாம், தனியாகவே கிடந்து சாகலாம் என்று முடிவு செய்திருந்தான்.

பூவாயியும் அவள் அம்மாவும் வந்தார்கள். படையலுக்கு வைத்திருந்த தேனடையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நல்லமுத்துவும் ஓரமாக உட்கார்ந்திருந்தார். சடையாண்டி அதற்குள் பதினோரு சுற்று முடித்திருந்தான். ஆசை யாரை விட்டது? அவர்கள் கண் முன்னாலேயே கூட நாலு சுற்றும் சுற்றினான். உடம்பு மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. காதில் ஒரு காய்ந்த இலை ஒட்டிக்கொண்டு, தட்டினாலும் விழாமல் அடம்பிடித்தது.

"மாப்பிள்ளை என்ன, பலாப்பழம் மாதிரி இருக்காரு?" என்று முணுமுணுத்தாள் அம்மா.

சடையாண்டி மூக்கை நீட்டினான்.

சடார்!

"என் பொண்ணை அடிச்சுட்டான்! வாடி போகலாம்!" என்று அம்மா குதித்தாள்.

சடையாண்டி அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதான். "நான் அடிக்கலை அத்தை! என் மூக்குல சனி! அதை வெட்டியே எறிஞ்சிடறேன்!"

பூவாயி ஓடவில்லை. மூக்கைத் தேய்த்துக்கொண்டே யோசித்தாள்.

"அன்னிக்கு ஓடையில என் கையைப் பிடிச்சீங்களே. அப்ப ஏன் அடிக்கலை? சனி அன்னிக்கு லீவா?"

சடையாண்டி அழுகையை நிறுத்தினான். அட, ஆமாம்!

"அன்னிக்கு இந்தப் போர்வை இருந்துச்சா?"

"இல்லை."

"பாய்?"

"ஓடையில ஏதும்மா பாய்? கால் நனைஞ்சு ஈர மண்ணுலதான் நின்னேன்."

பூவாயி போர்வையின் நுனியைப் பிடித்து இழுத்தாள். படபடபடவென்று பொரி பொரிகிற மாதிரி ஒரு சத்தம்! அவள் நரியைப் பார்த்தாள்.

"தரகரே, சனி மூக்குல இருக்காரா, போர்வையில இருக்காரா?"

"மூக்குலதான்! நான் பார்க்காத சனியா?"

"அப்ப நீங்க இதைப் போர்த்திக்கிட்டு, இவரு சுத்தின மாதிரியே பாய் மேல சுத்துங்க. வாசல்ல இருக்கிற ஈர வேர் மேல அந்தத் தேனடையை வைக்கிறேன். மூக்கை நீட்டி எடுத்துக்கோங்க. ஒண்ணும் ஆகலைன்னா தேன் உங்களுக்கு!"

தேன் என்றதும் நரி எதையும் யோசிக்கவில்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டு காலைத் தேய்த்துத் தேய்த்துச் சுற்றியது. பதினோராவது சுற்றில் அதன் வால் பாத்திரம் தேய்க்கிற பிரஷ் மாதிரி விறைத்து நின்றது. நாக்கைச் சப்புக் கொட்டிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்து மூக்கை நீட்டியது.

சடார்!

"ஐயோ! சனி என்னைப் பிடிச்சுட்டாரு! விடுங்க சாமி, தெரியாம சாப்பிட்டுட்டேன்!" என்று போர்வையை உதறிவிட்டு நரி மலை இறங்கி ஓடியது. அன்றைக்கு ஓடியதுதான், தரகு வேலைக்கே திரும்பவில்லை.

பூவாயியின் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காய்ந்த காற்றில் பிளாஸ்டிக் பாயிலும் நைலான் போர்வையிலும் தேய்த்துத் தேய்த்து உடம்பில் ஏறிய மின்சாரம்தான் அந்தச் சடார்! சடையாண்டிக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊருக்குக் காட்டிக்கொள்ள விரித்த பாய் அல்லவா இத்தனை நாள் அவனைத் தனிமரமாக வைத்திருந்தது! பாயைச் சுருட்டி வெளியே எறிந்தான். ஓடைத் தண்ணீரை மொண்டு வந்து தரையெல்லாம் தெளித்தான். உடம்பில் மிச்சம் இருப்பதும் மண்ணில் இறங்கட்டும் என்று வாசல் வேரில் உள்ளங்கையை அழுத்தி வைத்துவிட்டு வந்து நின்றான்.

"முதல்ல நான்!" என்று முன்னால் வந்த அம்மா, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு விரலால் அவன் மூக்கைத் தொட்டாள். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

"அத்தை, வலிக்குது!"

"வலிக்கட்டும்! எனக்கு அடிக்கலையே!"

பூவாயி மூக்கை நீட்டினாள். மூக்கோடு மூக்கு தொட்டது. குகை அமைதியாக இருந்தது. "குளுகுளுன்னு இருக்கு" என்றாள் அவள். சடையாண்டி மறுபடியும் அழுதான். இந்தத் தடவை சந்தோஷத்தில்.

மிஞ்சிய தேனடையிலிருந்து கல்யாண விருந்தில் எல்லாருக்கும் ஆளுக்கொரு நக்கு கிடைத்தது. இன்றைக்கும் காய்ந்த காற்று அடிக்கிற நாட்களில் சடையாண்டி யாரையும் தொடுவதற்கு முன்னால் வாசல் வேரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் தொடுகிறான்.

அடி எதனால் விழுகிறது என்று தன் காலடியைப் பார்க்காமல் கிரகத்தின் மேல் பழி போடுகிறவன், அடியையும் வாங்கிக்கொண்டு தேனையும் நரிக்குக் கொடுப்பான்.