ஆவுடையக்காவின் எடை

"மாஸ்டர், ஏறவே மாட்டேங்குது."

"எது அண்ணாச்சி?"

"பலம்தான். பின்ன, பஸ்ஸா ஏற மாட்டேங்குது?"

எஸ்தர் எழுந்து வந்தாள். சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பதுபோல நம்பிராஜனின் புஜத்தை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"இன்னும் பிஞ்சு," என்றாள். போய் உட்கார்ந்துகொண்டாள்.

எஸ்தருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. ஆனால் திருநெல்வேலி டவுனில் அவள் நடத்தும் ஜிம்முக்குள் கால் வைத்தால் மீசைக்காரர்களும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். நம்பிராஜனோ ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிறவர். ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற உத்தியோகம். அவர் இதுவரை தூக்கியதிலேயே பெரிய கனம், ஒரு பட்டுச்சேலையும், அது பிடிக்கவில்லை என்று வாங்க வந்த அம்மா எழுந்து போன துக்கமும்தான்.

அவருக்கென்று ஜிம்மின் மூலையில் ஒரு மணல் மூட்டை இருந்தது. அதைக் குழந்தையைப்போல அணைத்துத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டும், இறங்க வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி.

திங்கள்கிழமை வந்தால் எஸ்தர் மூட்டையை அவிழ்ப்பாள். ஒரு பிடி மணல் அள்ளிப் போடுவாள். திரும்பக் கட்டுவாள்.

ஒரே ஒரு பிடி.

"உப்புமாவுக்கு உப்புகூட இதைவிடத் தாராளமாப் போடுவாவ, மாஸ்டர்."

"உப்புமா யாரையும் தூக்கிட்டு மாடிப்படி எறங்க வேண்டாம்லா."

நம்பிராஜனோ தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருந்தது. அக்காவை.

ஆவுடையம்மாளுக்கு வாதம் வந்து இரண்டு காலும் விழுந்துவிட்டன. வீடு மாடியில். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் மட்டும் கூலிக்கு ஆள் பிடித்து, நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள்.

"ஏ, பையப் பிடிடே! சொவத்துல இடிச்சிராத! அந்தக் கால சாய்ச்சுக் கொண்டா!"

பீரோ இறக்குகிறவர்களுக்கும் அதே குரல்தான். அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். தெரு முழுக்கப் பார்க்கும்.

அப்படி ஒருநாள் கடைசிப் படியில் வைத்து நம்பிராஜன் அவள் காதில் சொன்னார்: "ஆனித் தேருக்கு ஒன்னைய நான் தூக்கிட்டுப் போறேன்க்கா. நாற்காலி வேண்டாம். ஆளு வேண்டாம்."

அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "நெசமாவால?"

அந்த ஒரு கண்தான் அவரை ஜிம்முக்குத் துரத்திக்கொண்டு வந்தது.

இப்போது வைகாசி முடியப் போகிறது. தேர்ச் சக்கரத்துக்கு எண்ணெய் போட ஆரம்பித்துவிட்டார்கள். மூட்டையில் மணலோ பிடி பிடியாகத்தான் ஏறுகிறது. செல்போனைத் திறந்தால் ஒருவன் சட்டையில்லாமல் நின்று கத்துகிறான்: "நண்பர்களே! முப்பதே நாளில் மலை போன்ற தோள்!"

"மாஸ்டர், முப்பது நாள்ல மலைங்கானே?"

"மலை நடக்குமா அண்ணாச்சி?"

"சரி, ரெண்டு செம்பு மணலாவது கூடப் போடுங்க."

"மாட்டேன்."

"ஏன்?"

"பாதிப் படியில உங்க முட்டி மடங்குச்சுன்னா, கீழ விழுறது மணல் இல்ல."

அவர் வீட்டுக்குப் போய் அக்காவிடம் புலம்பினார். தினமும் புலம்பினார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "தேருக்குள்ள முடியாது போலிருக்கேக்கா," என்பார்.

"முடியும்ல," என்பாள் அக்கா. வேறொன்றும் சொல்ல மாட்டாள்.

ஒரு காலையில் நம்பிராஜன் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜிம்முக்குள் ஓடிவந்தார்.

"மாஸ்டர்! தூக்கிட்டேன்!"

"எதை?"

"அக்காவை! கட்டில்லேருந்து நாற்காலிக்கு! சித்திரையில அசைக்க முடியல. இன்னைக்கு அப்படியே பூ மாதிரி வந்துட்டா!"

ஜிம் பையன்கள் சும்மா இருப்பார்களா? ஒருத்தன் தகர டப்பாவில் மேளம் தட்டினான். இன்னொருத்தன் தண்ணீர் பாட்டிலை மைக் மாதிரி பிடித்தான்: "இதோ வருகிறார், இதோ வருகிறார், டவுன் கண்டெடுத்த இரும்புத் தூண், ஜவுளிக்கடைச் சிங்கம்…"

நம்பிராஜன் புஜத்தை மடக்கிக் காட்டினார். சதை எழும்பவில்லை. இருந்தாலும் கைதட்டினார்கள்.

எஸ்தர் மட்டும் கைதட்டவில்லை. மூட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஏறுங்க."

ஏறினார். நேற்று எந்தப் படியில் மூச்சு வாங்கியதோ, அதே படியில் இன்றும் வாங்கியது.

எஸ்தர் மூட்டையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கழுத்துத் துண்டை எடுத்து ஆணியில் போட்டாள்.

"வாங்க. அக்காவைப் பாத்துட்டு வருவோம்."

அக்காவுக்கு வாயெல்லாம் பல். "வா பிள்ள, வா! எந்தம்பியை மூட்டை தூக்க வைக்கிற மாஸ்டர் நீதானா? இவன் தூக்கத்துலகூட 'ஹூம்ம்ப்… ஹூம்ம்ப்'ங்கான்!"

மூக்குச் சத்தம் உட்பட அப்படியே செய்துகாட்டினாள். எஸ்தர் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே அக்காவின் கையைப் பிடித்தாள்.

வளையல் மணிக்கட்டிலிருந்து வழுக்கி முழங்கைக்குப் போனது.

எஸ்தரின் சிரிப்பு நின்றது. மெல்லக் கட்டிலை ஒட்டிய சன்னலைப் பார்த்தாள். கம்பிக்கு வெளியே காக்காய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றும் கோழி கணக்காகக் கொழுத்திருந்தது. ஒன்றுக்குப் பறக்கக்கூடச் சோம்பல், நடந்தே வந்தது.

"அண்ணாச்சி, இந்தத் தெருவுல உடம்பு ஏறினவங்களும் இருக்காங்க. அங்க பாருங்க."

நம்பிராஜன் காக்காயைப் பார்த்தார். காக்காயும் கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் அவரைப் பார்த்தது. அதன் அலகில் இட்லி.

"அக்கா…"

அக்கா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அக்கா, காலையில நான் வச்சுட்டுப் போற இட்லி?"

"நாலையும் சாப்பிடுதேன்லா."

"அக்கா."

"ரெண்டு."

"அக்கா!"

"அரை," என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"எதுக்குக்கா இப்படி?"

"நீதான தெனமும் பொலம்புத, ஒனக்கு ஏற மாட்டேங்குதுன்னு. சரி, நானாவது எறங்குவோமேன்னு பாத்தேன். ஆளுக்குப் பாதி வேலை செஞ்சா தேரைப் பாத்துரலாம்லா?"

பெருமையாகத்தான் சொன்னாள். தம்பிக்கு ஒத்தாசை செய்த பெருமை.

நம்பிராஜன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். காலையில் அவளைப் பூ மாதிரித் தூக்கிய கைகள் மடியில் கிடந்தன. அவற்றை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுப்படியில் 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் கேட்டது. நல்லெண்ணெய் வாசம் வந்தது. எஸ்தர் எப்போது எழுந்துபோனாள் என்று யாருமே கவனிக்கவில்லை.

தட்டோடு வந்தாள். இரண்டு தோசை. நடுவில் மிளகாய்ப் பொடி, அதில் எண்ணெய் குளம் கட்டி நின்றது.

"மாஸ்டர், என்ன செய்யுதீய?"

"நீங்கதான கேட்டீய, கனத்தைக் கூட்டணும்னு?"

தட்டை அக்காவின் மடியில் வைத்தாள். மூன்றாவது தோசை ஊற்ற உள்ளே போய்விட்டாள்.

அக்கா தட்டைத் தள்ளினாள். "வேண்டாம்ல. ஆனி பொறக்கப் போகுது."

நம்பிராஜன் தட்டைத் திரும்ப இழுத்து வைத்தார். "இந்த வருசம் தேரோட கொட்டுச் சத்தம் இங்கேயே கேக்கும். ரெண்டு பேரும் உக்காந்து கேப்போம்."

"தூக்கிட்டுப் போறேன்னியே?"

"தூக்குவேன். பையத் தூக்குவேன்."

தோசையைப் பிய்த்து, பொடியில் புரட்டி நீட்டினார்.

"ஆ காட்டு."

அக்கா வாயைத் திறக்கவில்லை. தம்பியின் மெலிந்த புஜத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கனத்துப் போவேன்ல, தம்பி."

"கனத்துப் போக்கா."