புல்லுக்குக் கொடுத்த நோட்டீஸ்

புழுதிக்கரட்டு ஊருக்கு நடந்த அநியாயங்களை நடந்த வரிசையிலேயே சொல்லவேண்டும். முதலாவது, நோட்டீஸ் கொடுக்காமல் நிழற்குடையை இடித்தார்கள். இரண்டாவது, நோட்டீஸ் கொடுக்காமல் சந்தையைத் தூக்கினார்கள். மூன்றாவது, நாலுவழிச் சாலைக்காக நோட்டீஸ் கொடுக்காமல் பாதித் தெருவை அப்புறப்படுத்தினார்கள். நாலாவது, அந்தச் சாலை நடுவில் அழகுக்கென்று வெளியூர்ப் புல்லை நட்டார்கள்.

நரிவால் மாதிரி ஊதாக் கதிர். லாரிக் காற்றில் விதை பறந்து ஊரை ஒட்டிய கரட்டுக் குன்றில் ஏறியது. ஆடு வாய் வைக்காது. பீடி நெருப்புப் பட்டால் பந்தமாய் எரியும். சடைமாயனின் ஆடுகளுக்கோ அந்தக் கரட்டை விட்டால் மேய்ச்சல் கிடையாது.

வேளாண்மை அதிகாரி வந்து பார்த்தார். “கதிர் முத்துறதுக்குள்ள வேரோட பிடுங்கிச் சாக்குல கட்டிருங்க. விதை விழுந்தா கரடு போச்சு” என்றார்.

சடைமாயன் மண்வெட்டியோடு கிளம்பினான். போராட்டக் குழுத் தலைவர் கொண்டல்ராசு மறித்தார். ‘நோட்டீஸ் இல்லாமல் எவரையும் அப்புறப்படுத்தாதே’ என்று ஆயுசெல்லாம் தொண்டை கிழியக் கத்தியவர்.

“நோட்டீஸ் கொடுத்தியாடா?”

“புல்லுக்காண்ணே?”

“எவரையும்னா எவரையும்தான். பதினஞ்சு நாள் கெடு. தானாப் போனா அதுக்கு மரியாதை.”

“கதிர் முத்திருமேண்ணே!”

“வெளியூர்ப் புல்லாச்சே, தமிழ் புரியுமா?” என்றாள் குழுவின் பொருளாளர் பேச்சிகனி.

“நம்ம மண்ணுல முளைச்சது. புரியும். தகப்பன் பேர் இல்லாட்டித்தான் நோட்டீஸ் செல்லாது.”

“நட்டவன்தானே தகப்பன்? ரோட்டு வேலைக்குப் போய் நட்டது யாரு?”

எல்லோரும் சடைமாயனைப் பார்த்தார்கள்.

“கூலிக்கு நட்டேன்…” என்று முனகினான். தகப்பன் ஒத்துக்கொண்டதாக முடிவாயிற்று.

நோட்டீஸை ஒரு புல் குத்தில் கட்டினார்கள். சடைமாயன் தினமும் போய், “போயிரு தாயி, ஆடு பட்டினி கெடக்கு” என்று கெஞ்சினான். புல் தலையாட்டியது. ஆட்டிய ஆட்டில் விதை பறந்தது.

கெடு முடிந்தது. முறைப்படி பிடுங்கினார்கள். மறுநாள் மழை. அடுத்த வாரம் கரடு முழுக்கப் பச்சைக் குஞ்சுகள்.

சடைமாயன் மண்வெட்டியை ஓங்கினான்.

“நிறுத்துடா! நோட்டீஸ் வாங்கினது தாய். இது பிள்ளைங்க. தலைக்கொரு நோட்டீஸ் கொடுக்கணும். மூத்ததுக்கு என்ன பேர்?”

“மகள்வழிப் பேரனுக்குத் தாத்தா பேர்தானே?” என்றாள் பேச்சிகனி.

மறுநாள் சாட்சிகளை நிறுத்தி, கொண்டல்ராசு உரக்கப் படித்தார்: “சடைமாயன்! கரட்டைக் காலி செய்!”

சடைமாயன் மண்வெட்டியைக் கீழே போட்டான். ஆடுகளை வளைத்துக் கரட்டைவிட்டு இறக்கினான்.

“எங்கடா போற?”

“நோட்டீஸ் கொடுத்துட்டீங்கள்லண்ணே. இந்தத் தடவை எல்லாம் முறையாத்தான் நடந்திருக்கு.”

சாட்சிகள் கண் கலங்கிக் கைதட்டினார்கள். மூன்று முறை படிப்பதுதான் சட்டம் என்பதால் கொண்டல்ராசு தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கூப்பிட்டார்:

“சடைமாயன்!”