கடைக்குள்ளே பெரிய குரல்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. பின்னால இருக்கிறவங்களும்தான். இது தொண்டையைத் திறந்து சொல்கிற கதை இல்லை. கொஞ்சம் கூச்சப்பட்டுக்கொண்டு சொல்ல வேண்டிய கதை. மெதுவாகத்தான் சொல்வேன்.

பள்ளிபாளையத்துப் பக்கம் ஒரு கடைவீதி. அந்த வீதியில் ஒரு செல்போன் கடை. வாசலுக்குக் கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. கதவைச் சாத்திவிட்டால் ரோட்டில் போகிற லாரியின் ஹாரன்கூட உள்ளே எட்டிப் பார்க்காது. அப்படி ஒரு அமைதி.

அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் நாலுகண்ணன் என்று ஒரு போன் இருந்தான். பெரிய முகம், பளபளவென்று மினுங்கும். முதுகில் நாலு கண். அதில் ஒன்றுதான் பார்க்கும், மற்றதெல்லாம் அழகுக்கு ஒட்டிய வெறும் கண்ணாடி. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. இன்னொரு குறையும் இருந்தது. அந்தப் பெரிய முகத்துக்குக் குரல் ரொம்பச் சின்னது.

அவனுக்குக் கீழ்த்தட்டில் கட்டையன் உட்கார்ந்திருந்தான். பட்டன் போன். பார்த்தால் சோப்புக்கட்டி மாதிரி இருப்பான். ஆனால் முதுகு முழுக்கச் சல்லடை போலத் துளை. வாயைத் திறந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

ஒரு நாள் காலையில் முதலாளி, கடையில் வியாபாரம் பார்க்கிற தரணியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அந்த நாலு கேமரா பீஸ் வந்து எவ்வளவு நாளாச்சு தம்பி? இந்த வாரத்துக்குள்ள தள்ளி வுட்ரு. இல்லாட்டி கம்பெனிக்கே திருப்பி அனுப்ப வேண்டியதுதான்."

கட்டையன் சிரித்தான். "தள்ளி வுடறதுன்னா என்னன்னு தெரியுமாடா? யாரு தலையிலயாவது கட்டறது."

"கட்டட்டும்" என்றான் நாலுகண்ணன். "திரும்பிப் போனா கம்பெனியில என்னைக் கழட்டிப் போட்டுருவாங்க. எனக்குப் போக ஒரு வீடு வேணும். யார் வீடா இருந்தா என்ன?"

அவன் கெட்டிக்காரன். எப்படியும் போய்விடுவான் என்று கட்டையனுக்குத் தெரியும்.

அன்றைக்கு மத்தியானம் மாராயி வந்தாள். தறிப்பட்டறையில் தறி ஓட்டுகிறவள். தலையிலும் தோளிலும் பஞ்சு ஒட்டியிருந்தது.

"தம்பீ! எனக்கு ஒரு போனு வேணும்!"

கடையே திரும்பிப் பார்த்தது. தறி ஓட்டுகிறவர்களுக்குக் குரல் அப்படித்தான் இருக்கும். பகல் முழுக்கத் தடதடவென்று ஓடுகிற தறிகளுக்கு மேலே பேசிப் பேசி, மெதுவாகப் பேசுவதே மறந்து போயிருக்கும். பில் போடுகிற பெண் காதைத் தேய்த்துக்கொண்டு சொன்னாள்: "எக்கா, நாங்க எல்லாம் பக்கத்துலதான் இருக்கறோம்."

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். மாராயிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. முந்தானையை இழுத்துத் தலையில் இருந்த பஞ்சை மூடிக்கொண்டாள். குரலைக் கீழே இறக்கி, யாருக்கும் தெரியாமல் எதையோ கொடுக்கிற மாதிரிப் பேசினாள்.

"எம் புள்ளைக்கு இது நெறமாசம் தம்பி. சங்ககிரியில தனியாக் கெடக்கறா. மாப்பிள்ளை லாரி எடுத்துக்கிட்டு வடக்க போயிருக்காரு. வலி வந்தா எனக்குத்தான் கூப்புடுவா. என்ற பழைய போனு தண்ணித் தொட்டியில வுழுந்துருச்சு. தறிச் சத்தத்துல காதுல வுழுகற மாதிரி ஒண்ணு குடு சாமி."

கட்டையன் கீழ்த்தட்டில் துள்ளினான். "நான்தான்! என்னை எடுக்கச் சொல்லு! நான்தான்!"

போன்கள் பேசுவது மனுசர் காதில் எங்கே விழுகிறது? ஆனால் தரணி நல்ல பையன்தான். அவன் கை நேராகக் கட்டையன் பக்கம்தான் போயிற்று. பாதி வழியில் முதலாளி காலையில் சொன்னது ஞாபகம் வந்தது. கை மேலே ஏறி நாலுகண்ணனை எடுத்தது.

"இது பாருங்க்கா. சூப்பர் பீஸு. நாலு கேமரா."

"கீழ இருக்கற அந்தப் பட்டன் போனு?"

"அதெல்லாம் காடு மேட்டுல தாத்தாமாரு வச்சுக்கறதுங்க்கா. உங்களுக்கு எதுக்குங்க? நாளைக்குப் பேரனோ பேத்தியோ பொறந்தா போட்டோ புடிக்க வேண்டாமா?"

"போட்டோ கெடக்குது. சத்தம் வருமா?"

"வருமாவா! கேளுங்க" என்று தரணி மணியை அடிக்கவிட்டான்.

நாலுகண்ணன் இதற்குத்தான் காத்திருந்தான். மூச்சு மொத்தத்தையும் கூட்டிக் கத்தினான். அந்தச் சாத்தின கடைக்குள், அந்த அமைதிக்குள், அவன் சின்னக் குரல் கண்ணாடியில் மோதி இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. இரைச்சலிலேயே கிடந்து பழகின மாராயியின் காதுக்கு அது கோயில் பறை மாதிரி இருந்தது. அவள் உடம்பு ஒருதரம் குலுங்கிற்று.

"யம்மாடி!"

"டேய், வேண்டாம்டா" என்றான் கட்டையன். "இதுக்குள்ள கொசு பறந்தாக்கூட அவளுக்கு இடி இடிக்கற மாதிரி இருக்கும். ரோட்டுக்கு வா. அங்க நின்னு ஒருக்காக் கத்து, பாக்கலாம்."

"நான் எதுக்கு வரணும்? கேட்டது அவ, சொன்னது அவன். நான் ஒரு வார்த்தை பொய் பேசினேனா?"

"பேசல. அவ தப்பா நினைக்கட்டும்னு கத்தினே."

மாராயிக்கும் அந்த யோசனை வராமல் இல்லை. "தம்பி, ஒருக்கா வெளிய எடுத்துட்டுப் போயி..." என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்த வேகத்தில் குரல் மறுபடி உயர்ந்துவிட்டது. பில் போடுகிற பெண் தலையைத் தூக்கினாள். மாராயி மீதிப் பேச்சை முழுங்கிவிட்டாள்.

"சரி தம்பி. இதையே போட்டுக் குடு."

அவள் முழுங்கினதை நாலுகண்ணன் பார்த்தான். தன்னை விற்றது தரணியின் வாய் மட்டும் இல்லை, தன் குரல் மட்டும்கூட இல்லை, அவளுடைய கூச்சமும்தான் என்று அவனுக்குப் புரிந்தது. வீடு கிடைத்த சந்தோஷத்தில் அதை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

மாராயி அவனைக் கொண்டாடினாள். பெட்டிக்குக் குங்குமம் வைத்தாள். பட்டறைக்கு எடுத்துப் போனதும் கூட வேலை பார்க்கிற சரோசா வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"ஏனக்கா, முதுகெல்லாம் கண்ணா இருக்குது! இது ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணுல காவல் காக்குமாட்ட?"

"சிரி, சிரி. எம் பேரனை இதுல படம் புடிச்சுக் காட்டறப்ப எல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு நிப்பீங்க."

பழைய போன் இருந்தவரை அவள் இடுப்புச் சுருக்குப்பையில் கிடக்கும். நாலுகண்ணன் அதற்குள் நுழையவில்லை. முகம் அவ்வளவு பெரிசு. அதனால் மூணாந்தறிக்கு மேலே சுவரில் அடித்திருந்த பலகையில், சோற்றுத் தூக்குப்போசிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கரண்ட் பொத்தானைப் போட்டார்கள். பட்டறையில் இருந்த தறிகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. நாலுகண்ணன் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தம் என்றால் என்னவென்று கேட்டான். சுவர் அதிர்ந்தது, பலகை அதிர்ந்தது. அவன் தன் குரலைச் சும்மா ஒருதரம் நினைத்துப் பார்த்தான்.

மறுநாளே மகள் சுகன்யா கூப்பிட்டாள், சும்மா பேசத்தான். நாலுகண்ணன் கத்தினான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. மாராயி பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இழை முடிந்துகொண்டிருந்தாள்.

சாயங்காலம் தறி நின்ற பிறகு எடுத்துப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். உடனே மகளைக் கூப்பிட்டாள்.

"சாமி, நீ கூப்புட்டது என்ற காதுல வுழுகலையே. இல்ல கண்ணு, போனு நல்ல போனுதான். கடையில என்னமாக் கேட்டுச்சு! என்ற காதுதான் மந்தமாயிருச்சாட்ட இருக்குது."

அவள் அவனைத் திட்டியிருக்கலாம், கடைக்காரனைத் திட்டியிருக்கலாம். அதற்குப் பதிலாகத் தன் காதைத் திட்டினாள். நாலுகண்ணனுக்கு அந்த இடத்திலேயே அணைந்துவிடலாம் போல இருந்தது.

"கடைக்கே எடுத்துட்டுப் போயி மாத்திக் கேளக்கா" என்றாள் சரோசா.

"போயி? அங்க மறுக்காவும் கத்திப் பேசச் சொல்றயா?" என்றாள் மாராயி. தன் முந்தானையை எடுத்து அவன் முகத்தில் படிந்த பஞ்சைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அவன் கூசிப் போனான். யாராவது தன்னை நன்றாக நினைக்கிறபோதுதான் வெட்கம் இவ்வளவு வலிக்கும் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவரை அவனுக்குத் தெரியாது.

பிறகு அந்த நாள் வந்தது. சாப்பாட்டு வேளை தாண்டி, தறிகள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. சுகன்யா கூப்பிட்டாள். அவன் முகத்தில் அவள் படம் வந்தது. மணி அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி கூப்பிட்டாள். சும்மா பேசுகிறவள் இப்படிக் கூப்பிட மாட்டாள் என்று நாலுகண்ணனுக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா! மாராயம்மா! இங்க பாரு!" என்று கத்தினான்.

கீழே ஓடிக்கொண்டிருந்த மூணாந்தறி அண்ணாந்து பார்த்தது. "எதுக்குடா எறும்பாட்டம் முனகறே?"

"அவ புள்ளைக்கு வலி வந்துருச்சு! கொஞ்சம் நிறுத்துங்கய்யா!"

"நாங்களா நிறுத்த முடியுமா? ஓட வுட்டா ஓடறதுதான் எங்க பொழப்பு. எங்களைக் கத்தி ஜெயிக்கலாம்னு வந்தயா? இந்தத் தொண்டையை வச்சுக்கிட்டா? எவன்டா உன்னை இங்க அனுப்புனது?"

"எவனும் இல்ல. நானேதான் வந்தேன்" என்றான் நாலுகண்ணன். அதுவரை யாரிடமும் அவன் ஒத்துக்கொள்ளாத ஒன்று அது.

அந்த நேரம் பட்டறையின் அந்தக் கோடியில் ஒரு தறியில் குறுக்கிழையைக் கொண்டு ஓடுகிற நாடா சிக்கி, தறி நின்றது. இத்தனை இரைச்சலுக்கு நடுவில், அதற்கு முதுகைக் காட்டி நின்ற மாராயி, யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரித் திரும்பினாள். நேராக அந்தத் தறிக்கு நடந்தாள்.

நாலுகண்ணன் திகைத்துப் போனான். "அது எப்படி அவளுக்குக் கேட்டுது?"

"தறிக்காரி காதுடா" என்றது மூணாந்தறி. "நாங்க ஓடறது அவளுக்குக் கேக்காது. ஒருத்தன் நின்னாக் கேக்கும்."

மாராயி சிக்கை எடுத்துத் தறியை ஓடவிட்டாள். மறுபடியும் எல்லாம் ஒரே இரைச்சல். சுகன்யா இன்னொரு தரம் கூப்பிட்டாள்.

இந்தத் தடவை நாலுகண்ணன் கத்துவதோடு நிற்கவில்லை. உடம்பை நடுக்கினான். ஒவ்வொரு நடுக்கத்துக்கும் பலகையின் விளிம்புப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தான். கீழே மூணாந்தறியில் நீளவாக்கில் கட்டின பாவு இழை வெள்ளை வெளேரென்று விரிந்து விரிந்து மூடியது.

மூணாந்தறிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "டேய்! வேண்டாம்டா! இழையெல்லாம் அறுந்து போகும். உன் மூஞ்சி சுக்கு நூறாகும்!"

"போகட்டும். இந்த மூஞ்சியைக் காட்டித்தானே என்னை வித்தாங்க."

விளிம்பு வந்தது. நாலுகண்ணன் ஓடுகிற பாவின் மேல் குப்புற விழுந்தான். இழைகள் அறுந்தன. நாடா அவன் மேல் மோதியது. மூணாந்தறி ஒரு உதறு உதறிவிட்டு நின்றது.

அந்தக் கோடியில் மாராயி திரும்பினாள். "இதென்னடா, இதும் நின்னுபோச்சு!" என்று திட்டிக்கொண்டே வந்தாள்.

நாலுகண்ணனின் கண்ணாடி முகம் முழுக்க விரிசல் ஓடியிருந்தது. அந்தச் சின்னக் குரலும் அடங்கிவிட்டது. உயிர் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. மாராயி குனிந்து, அறுந்த இழைகளுக்குள்ளிருந்து அவனை எடுத்துத் திருப்பிப் பார்க்கிறவரைக்கும், அந்த விரிசல்களுக்கு நடுவே சுகன்யாவின் முகத்தை அணையவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.