எட்டாவது குதிரை

முதலில் ஒரு விடுகதை. தாகம் உண்டு, கேட்கத் தெரியாது. கால் உண்டு, தோளில்தான் போகும். கண் உண்டு, கட்டி வைத்திருக்கும். அது என்ன?

தெரிந்தவர்கள் வெளியே சொல்லிவிடாதீர்கள். தெரியாதவர்களுக்குக் கதை சொல்லிவிடும்.

முன்னொரு காலத்தில், வெயிலுக்குப் பயப்படாத ஒரு நாடு இருந்தது. ஏழு ஊர்கள் சேர்ந்த நாடு என்பதால் ஏழூர்நாடு என்று பெயர். சித்திரை பிறந்தால் அங்கே மூன்று நாள் திருவிழா. முதல் நாள் கும்மி, இரண்டாம் நாள் உறியடி, மூன்றாம் நாள் புரவி எடுப்பு.

ஊருக்கு ஒரு மண்குதிரை. சூளையில் சுட்டு, சுண்ணாம்பு அடித்து, சிவப்பும் மஞ்சளும் தீட்டி, ஆளை விட உயரமாக நிற்கும். தோளில் சுமந்து எல்லைத்திடலுக்குக் கொண்டுபோவார்கள். அதுவரை குதிரையின் கண்களைத் துணியால் கட்டியிருப்பார்கள். துணியின் ஒரு முனை தரைவரை தொங்கும். உச்சிவேளையில் பெண்கள் குலவையிட, அந்த முனையை இழுத்தால் கட்டு அவிழும். அப்போது குதிரைக்கு எதிரே யாரும் நிற்கக் கூடாது. கண் திறந்ததும் அது யாரை முதலில் பார்க்கிறதோ, அவருக்கே அது சொந்தமாகிவிடும் என்பது அந்த நாட்டு வழக்கம்.

மாரிக்கண்ணுவுக்கு ஒன்பது வயது. அவளுடைய அக்கா செல்லாயிக்குப் பதினாறு. மூன்றாம் நாள் காலை இருவரும் திடலுக்கு வந்தபோது, பச்சைச் சால்வை போர்த்திய மந்திரவாதி ஒருவன் வித்தை காட்டிக்கொண்டிருந்தான்.

"தைரியமான பெண் ஒருத்தி மேடைக்கு வரட்டும்!" என்றான் அவன்.

"நான் வருகிறேன்" என்றாள் செல்லாயி. "அம்மாவிடம் சொல்லிவிடாதே" என்று தங்கையின் காதைத் திருகிவிட்டு மேடை ஏறினாள்.

மந்திரவாதி சால்வையை அவள்மேல் போட்டான். எடுத்தான். செல்லாயி இல்லை. கூட்டம் கைதட்டியது. கைதட்டிவிட்டுக் கலைந்தது.

மாரிக்கண்ணு காத்திருந்தாள். அக்கா வரவில்லை. வளையல் கடையில் தேடினாள், மோர்ப்பந்தலில் தேடினாள், ராட்டினத்தடியில் தேடினாள். எங்கும் இல்லை. திடலுக்குத் திரும்பி வந்தவள், வரிசையாக நின்ற குதிரைகளை எண்ணினாள். எட்டு.

மறுபடி எண்ணினாள். எட்டு.

ஊருக்கு ஓர் அம்பலக்காரர், அவரே ஊர்த்தலைவர். மாரிக்கண்ணு முதல் ஊர் அம்பலக்காரரிடம் ஓடினாள். "ஐயா, எட்டுக் குதிரை நிற்கிறது!"

"கிழக்கூர்க்காரன் ரெண்டாகச் செய்திருப்பான். எதிலும் அவனுக்குப் பெருமை வேணும்" என்றார் அவர்.

கிழக்கூர் அம்பலக்காரரிடம் ஓடினாள். "நாங்களா? மேலூர்க்காரன் வேண்டுதல் வச்சிருந்தான், அவன்தான்" என்றார் இவர்.

மேலூர் அம்பலக்காரர் குதிரைகள் இருந்த பக்கம் திரும்பக்கூட இல்லை. "வடக்கூரில் காசு புரளுது பாப்பா. எட்டு என்ன, பத்துகூட எடுப்பாங்க."

எட்டாவது குதிரை அடுத்த ஊருடையது என்றே ஒவ்வோர் ஊரும் நினைத்தது. போதாததற்கு, மந்திரவாதி எட்டையும் ஒரே சாயலாக மாற்றி வைத்திருந்தான். அவரவர் குதிரையே அவரவருக்கு அடையாளம் தெரியவில்லை. வெயிலில் கண் கூசுகிறது என்று சொல்லிக்கொண்டார்கள்.

மாரிக்கண்ணு மேடைக்கு ஓடி, மந்திரவாதியின் சால்வையைப் பிடித்து இழுத்தாள். "என் அக்கா எங்கே?"

அவன் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: "அந்த எட்டில் ஒன்று. உச்சிவேளையில் அதன் கண் திறக்கும். எதிரே நான் நிற்பேன். பிறகு அவள் என் பறக்கும் குதிரை."

"விட்டுவிடு! இல்லாவிட்டால் கத்துவேன்!"

"கத்து. யார் நம்புவார்கள்?" அவன் சிரித்தான். "ஆனாலும் உன்னைப் பிடித்திருக்கிறது. உறியடி ஆடுவோமா? உன் கண்ணைக் கட்டுவேன். கையில் கம்பு. ஒரே அடி. சரியான குதிரையை உடைத்தால் உன் அக்காவின் கட்டு விடும். தவறினால் நீயும் குதிரை. என் சால்வை ஒருநாளும் வெறுமையாக இருக்காது, தெரிந்துகொள்."

மாரிக்கண்ணு கையை நீட்டிக் கம்பை வாங்கினாள். "சரி" என்றாள்.

"அடுத்த வித்தை!" என்று மந்திரவாதி கூவினான். "கண்ணைக் கட்டிக்கொண்டு இந்தச் சிறுமி குதிரை உறியடி ஆடுவாள்!"

"குதிரை உடைஞ்சா?" என்று ஒருவர் கேட்டார்.

"உடைந்ததை ஒட்டுவதும் என் வித்தைதான்!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. உறியடி என்றால் அந்த நாட்டார் சும்மா நிற்கமாட்டார்கள். ஆடுபவர்மேல் தண்ணீர் ஊற்றுவார்கள், தப்புத் தப்பாக வழி சொல்வார்கள்.

"இடப்பக்கம் போ பாப்பா!"

"அவன் பொய் சொல்றான், வலப்பக்கம் போ!"

"திரும்பு, திரும்பு! அதோ உன் மாமியார் நிற்கிறாள், அவளை அடி!"

இருட்டில் மாரிக்கண்ணு கையை நீட்டி நடந்தாள். முதல் குதிரை கையில் பட்டது. வெயிலில் சுட்டது. "அக்கா" என்றாள். பதில் இல்லை. இரண்டாவது குதிரையும் சுட்டது, மூன்றாவதும் சுட்டது. தூரத்தில் உச்சிவேளைக் கொட்டு தொடங்கியது.

அப்போது யாரோ ஒரு குடம் தண்ணீரை வீசினார்கள். பாதி அவள்மேல் விழுந்தது, பாதி குதிரைமேல். சுர்ரென்று ஒரு சத்தம். மண்வாசனை எழுந்தது. சுட்ட மண் தண்ணீரைக் குடித்துவிட்டது.

மாரிக்கண்ணு நின்றாள்.

"இவ்வளவுதானா தண்ணீர்?" என்று கத்தினாள். "உங்கள் ஊர்க் கிணறெல்லாம் வற்றிவிட்டதா?"

கேட்க வேண்டுமா! ஏழு ஊர்க் குடங்களும் எழுந்தன. அவள் வரிசையோடு நடந்தாள், தண்ணீரும் கூடவே வந்தது. நான்காவது குதிரை, சுர்ர். மண் குடித்தது. ஐந்தாவது, சுர்ர். மண் குடித்தது. ஆறாவது, சுர்ர். மண் குடித்தது.

ஏழாவது குதிரையில் சத்தம் இல்லை. தண்ணீர் வழிந்து அவள் பாதத்தில் சொட்டியது. வாசனையும் இல்லை.

மாரிக்கண்ணு கம்பை ஓங்கினாள். இன்னொரு கையைக் குதிரையின் காலில் வைத்திருந்தாள். அந்தக் கால் நடுங்கியது.

உடைத்தால் குதிரை உடையும். உள்ளே இருக்கிற அக்கா?

"அடி!" என்றான் மந்திரவாதி.

"அடி! அடி!" என்றது கூட்டம்.

குலவை எழுந்தது. கட்டை அவிழ்க்க ஆட்கள் ஓடி வந்தார்கள். மந்திரவாதியும் ஏழாவது குதிரையின் முன்பக்கம் நோக்கி ஓடி வருவது அவளுக்குக் கேட்டது.

மாரிக்கண்ணு கம்பைக் கீழே போட்டாள். தடவித் தடவித் துணியின் முனையைப் பிடித்து, குதிரைக்கு எதிரே போய் நின்று, ஒரே இழுப்பாக இழுத்தாள். பிறகு தன் கண்கட்டைக் கழற்றினாள்.

குதிரை அவளைத்தான் பார்த்தது. பார்த்த கண் செல்லாயியின் கண். இனி அது மாரிக்கண்ணுவுக்குச் சொந்தம்; அவளுக்கு வேண்டியதோ குதிரை அல்ல, அக்கா. அடுத்த நொடி, தலை முதல் கால் வரை நனைந்துபோய் செல்லாயி அங்கே நின்றாள்.

"ஏன்டி இப்படி நனைச்சு வச்சிருக்கே?" என்றாள்.

பச்சைச் சால்வை வெறுமையாகிவிட்டது. அது மந்திரவாதியின் தோளிலிருந்து எழுந்து, அவனையே சுற்றி, அவன் கத்தக் கத்த இறுக்கியது. கத்தல் நின்றபோது அங்கே ஒரு மண்குதிரை நின்றது. அதன் கண்களைச் சால்வை கட்டியிருந்தது. ஒரு முனை தரைவரை தொங்கியது. யாரோ அதன்மேல் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். சத்தம் இல்லை.

மற்ற ஏழு குதிரைகளும் தங்கள் பழைய நிறத்தில், அவரவர் ஊர் அடையாளத்தோடு நின்றன. மந்திரவாதி காதோடு சொன்னதையெல்லாம் மாரிக்கண்ணு சொல்லக் கேட்டு, அம்பலக்காரர்கள் எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கடைசியில் கிழக்கூர்க்காரர் தொண்டையைச் செருமினார். "பாப்பா, இந்த எட்டாவது உனக்குத்தான். எதிரே நின்று முனையை இழு. உன்னைப் பார்த்தால் உனக்கு அடிமை. வானத்தில் பறக்கலாம், எந்த நாட்டுக்கும் போகலாம்."

ஏழு ஊரும் அவளைப் பார்த்தது.

மாரிக்கண்ணு சால்வையின் முனையை எடுத்தாள். அதைக் குதிரையின் காலில் சுற்றி, இன்னொரு முடிச்சுப் போட்டாள். பிறகு அக்காவோடு மோர் குடிக்கப் போனாள்.