பாயசம் ஊற்றிய சோறு

படகுகளுக்கு வானிலைச் சேதி அனுப்பும் அலுவலகம் அது. செயற்கைக்கோள் வழியாகப் போவதால் ஒவ்வொரு பைட்டும் காசு. அங்கே சேதியைச் சுருக்கும் நிரல் எழுதக் கற்றுக்கொண்டிருந்தார் வேதமுத்து. வயது ஐம்பத்திரண்டு. ஆசிரியை ரசியாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

“டீச்சர், ஒரு சேதியை எவ்வளவு தூரம் சுருக்கலாம்?”

“நீங்க எவ்வளவு சுருக்கினீங்க?”

“காற்று, அலைங்கிற பேரையே அனுப்பறதில்ல. வெறும் எண்ணுதான், வரிசையா போகும். இன்னிக்கு மழையையும் சேர்த்துட்டேன். காற்று, மழை, அலை.”

மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

“படகுல சேதியைப் படிக்கிற பெட்டி?”

“பழசுதான். ஆனா இங்க அனுப்பி, இங்கயே படிச்சுப் பார்த்துட்டேன். அச்சு அசலா வருது.”

“ரெண்டு பக்கமும் நீங்கதானே அண்ணே” என்று சொல்லிவிட்டு, ரசியா சாப்பாட்டை எடுத்து வைக்கப் போனாள்.

தினமும் அவள்தான் சாப்பாட்டு அடுக்கைப் பிரித்து வரிசையாக வைப்பாள். முதலில் சோறு, அடுத்தது குழம்பு, கடைசியில் பொரியல். வேதமுத்து திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சோற்றைத் தட்டில் கொட்டினார். அடுத்த கிண்ணத்தை எடுத்து மேலே ஊற்றினார். பிசைந்து வாயில் வைத்தவர் முகத்தைச் சுளித்தார்.

“என்ன டீச்சர் இது, பாயசம்!”

“இன்னிக்கு ஒண்ணு கூடுதல்.”

“அதைக் கொண்டுபோய் நடுவுலயா வைப்பாங்க? கடைசியில வெச்சிருந்தா நான் பாட்டுக்கு...”

சட்டென்று திரையைப் பார்த்தார். மழை, பூஜ்யம். அலை, நான்கு மீட்டர். பழைய பெட்டிகள் இரண்டாவது எண்ணைத்தான் அலை என்று படிக்கும். கடலில் இருந்த படகுகளில் அவர் தம்பியுடையதும் ஒன்று. இது போயிருந்தால், அலையே இல்லை என்று நம்பி அவன் வலையை விரித்திருப்பான்.

வேதமுத்து இடது கையாலேயே தட்டி மழையைக் கடைசிக்குத் தள்ளினார். மேஜைக்கு அடியில் கிடந்த பழைய பெட்டி ஒன்றை எடுத்துத் துடைத்து, அதில் படித்துப் பார்த்தார். காற்று சரியாக வந்தது. அலை, நான்கு மீட்டர். மூன்றாவது எண்ணைப் பெட்டி கண்டுகொள்ளவே இல்லை. அதற்குப் பிறகுதான் அனுப்பினார்.

தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கேட்டார்.

“அப்போ பேரையும் சேர்த்தே அனுப்பிடட்டுமா டீச்சர்?”

“எதுக்கு? எவ்வளவு வேணும்னாலும் சுருக்குங்க.” ரசியா குழம்புக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். “ஆனா படகுல உங்க தம்பியும் பார்க்காமத்தான் ஊத்துவார்.”

வேதமுத்து பாயசச் சோற்றையே சாப்பிட்டு முடித்தார்.