குடல் எட்டிப் பார்த்த வாசல்

அந்தக் காலத்தில் உடம்புக்குள் இருப்பவற்றுக்கும் பேச்சு இருந்தது. நெடுவனின் வயிற்றுச் சுவரை நெசவுக்காரி இழையாள் மூன்று அடுக்காக நெய்திருந்தாள். அடிவயிற்றில் அதற்கு வாசல் கிடையாது. பிள்ளை தரும் விதைகள் இரண்டும் உள்ளே, சிறுநீரகங்களுக்குப் பக்கத்தில் இருந்தன.

நெடுவனுக்கும் அவன் மனைவி கொன்றைக்கும் ஏழு வருடமாகப் பிள்ளையில்லை.

"உள்ளே வேகுது. இந்தச் சூட்டுல எங்களால ஒண்ணும் ஆகாது. வெளியே விடுங்க" என்றன விதைகள்.

கொன்றை போய் இழையாளைக் கூட்டி வந்தாள்.

"வாசல் வெச்சா குடலும் வந்துடுமே" என்றாள் இழையாள்.

"நான் எதுக்கு வரப்போறேன்? வெளியே என்ன இருக்குன்னு மட்டும் சொல்லு" என்றது குடல்.

"பார்த்தியா, இப்பவே கேக்குது."

வெட்டினால் நெசவு பிரிந்துவிடும். இழையாள் நூல்களை விரலால் ஒதுக்கினாள். இரண்டு பக்கமும், உள்ளடுக்கில் இடுப்பெலும்பை ஒட்டி ஓர் இடைவெளி; வெளியடுக்கில் அதற்கு நேராக இல்லாமல், நடுவை நோக்கித் தள்ளி இன்னொன்று. வயிறு இறுகும்போது அடுக்குகள் அழுந்தி வழியை மூடிக்கொள்ளும்.

இடது விதை, தனக்கு ரத்தம் கொண்டுவரும் கொடியோடு சாய்வாக இறங்கியது. வயிற்றின் உள்சவ்வும் ஒரு பைபோல அதன் கூடவே இறங்கியது. குடல் அதில் புகாதபடி இழையாள் பையின் வாயை முடிச்சிட்டாள். வலது விதை இன்னும் பாதி வழியில் இருந்தது.

"வர்றியா, பல்லக்கு அனுப்பட்டுமா?"

"வந்துட்டேதான் இருக்கேன்."

"முடிச்சுப் போடுற வரைக்கும் எழுந்திருக்காதே தம்பி" என்றாள் இழையாள், நெடுவனிடம்.

வலது விதை இறங்கி முடித்தது. முடிச்சு விழுமுன் வீட்டுக்கு வெளியே உரல் உருண்டு கொன்றையின் காலில் ஏறியது. அவள் அலறினாள். நெடுவன் துள்ளி எழுந்து ஓடினான். மூச்சைப் பிடித்து உரலைத் தூக்கினான்.

அவனுடைய வலது தொடை மடிப்புக்கு மேலே எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு எழுந்தது.

"ஓ, இதுதான் வெயிலா?" என்றது குடல், தோலுக்கு அடியிலிருந்து.

இழையாள் அவனைப் படுக்கவைத்து அதை உள்ளே தள்ளினாள்.

"இறுக்கிக் கட்டிடேன் அக்கா" என்றாள் கொன்றை, நொண்டியபடி.

"இப்ப பையும் கொடியும் ஒண்ணா ஒட்டிக்கிச்சு. இறுக்கினா கொடி நெரிஞ்சு விதை செத்துடும். தளர விட்டா இது வரும். எது வேணும்?"

கொன்றை நெடுவனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான்.

"தளரவே இருக்கட்டும்."

அடுத்த வருடம் பெண் குழந்தை பிறந்தது. அதன் முதல் அழுகை கேட்டதும், "யாரு, யாரு?" என்று குடல் வலப்பக்கம் புடைத்தது.

அன்று முதல்தான் பாரம் தூக்கும் ஆண்களில் சிலருக்கு, பெரும்பாலும் வலப்பக்கம், குடல் இறங்குகிறது. வைத்தியர் அந்த இடத்தில் விரலை வைத்து, "இருமுங்க" என்கிறார். உள்ளிருந்து அது வந்து விரலைத் தொட்டுப் பார்க்கிறது.